ரேஸ்கோர்ஸ் பழைய பங்களாக்கள்: பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களையும் வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கிறேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அங்கே பழைய வீடுகள் குறைந்துகொண்டே வருவதால், கேட்டதையும் சொன்னதையும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

கோவை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே கலெக்டர் ஆபீஸ், நீதிமன்றங்கள், ஹுசூர் ரோடு, அதைத் தாண்டி ரேஸ்கோர்ஸ் வட்டம், அதன் தெற்கே ரெட்ஃபீல்ட்ஸ். இவ்வளவுதான். காலாற நடந்தால் ஒரு காலையில் முடியும்.

1804-ல் கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகரானது. அப்போது ஊர் என்பது கோனியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த பேட்டைதான். ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி எல்லாம் அங்கேதான் இன்றும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆங்கிலேய அதிகாரிகள் அதற்குள் குடியேறவில்லை. கிழக்கே காலியாகக் கிடந்த மேட்டில் ஆளுக்கு ஒரு தோட்டம் எடுத்து, நடுவில் வீடு கட்டிக்கொண்டார்கள். 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் பாதை போட்டபோது அந்தப் பாதை இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. மேற்கே கடைவீதி, கிழக்கே பங்களா. வாகனத்தில் பாலத்தைக் கடக்கும்போது இது தெரியாது. நடந்து கடந்து பாருங்கள், சத்தம் குறைவதும் மரம் கூடுவதும் ஒரே நிமிடத்தில் தெரியும்.

‘ஹுசூர்’ என்றால் என்ன?

பாரசீகம் வழியாக வந்த சொல். ‘சமூகம்’, ‘சந்நிதானம்’ என்ற மரியாதைப் பொருளில் வரும். கலெக்டர் கச்சேரியை ஹுசூர் கச்சேரி என்பார்கள். அந்தப் பெயர் சாலையில் தங்கிவிட்டது.

அங்கே உண்மையிலேயே குதிரைப் பந்தயம் நடந்ததா?

நடந்தது. சாலை ஏன் வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே வருகிறது என்று நிறையப் பேர் கேட்பார்கள். குதிரை ஓடிய தடம்தான் சாலையாகிவிட்டது. ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இன்று காலை ஐந்தரை மணிக்கு அந்தத் தடத்தில் நகரத்தில் பாதிப்பேர் நடக்கிறார்கள். அருகம்புல் சாறும் முடக்கத்தான் சூப்பும் விற்கிற வண்டிகள் வரிசையாக நிற்கும்.

இப்போது என்ன மாறிக்கொண்டிருக்கிறது?

இரண்டு விதமான மாற்றம். ஒன்று அரசு செய்வது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையைப் புதுப்பித்து, விளக்கு, இருக்கை எல்லாம் போட்டு மாதிரிச் சாலையாக்கினார்கள். நடக்கிறவர்களுக்கு அது நல்லதாகவே அமைந்தது. சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவை மகன் தள்ளிக்கொண்டு போவதை அங்கே நான் முதல் முறையாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். நடைபாதையை யாரும் குறை சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று காம்பவுண்டுக்கு உள்ளே நடப்பது. அதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். கணக்கு எளிமையானது. நாற்பது சென்ட் இடத்தில் ஒரு பங்களா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் மட்டும் பதினேழாயிரம் சதுர அடிக்கு மேல். அதில் வீடு நாலாயிரம் சதுர அடி இருந்தால் அதிகம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரம் குறைந்த கட்டடத்துக்கே இடத்தைப் போல் இரண்டு மடங்கு பரப்புக்குக் கட்டலாம். அதாவது சுமார் முப்பத்தைந்தாயிரம் சதுர அடி. அகலமான சாலையை ஒட்டி அடுக்குமாடியாக எழுப்பினால் இன்னும் அதிகம். அந்தக் கணக்கில் பழைய வீட்டுக்கு மதிப்பே இல்லை. இடிக்கிற செலவு என்றுதான் அதை எழுதுவார்கள்.

இதோடு பாகப்பிரிவினை சேரும். தாத்தா வாங்கிய வீடு, மூன்று மகன், ஒரு மகள், பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர், அதில் நாலு பேர் வெளிநாட்டில். நாற்பது சென்ட்டைப் பிரிக்கலாம், வராண்டாவைப் பிரிக்க முடியாது. விற்கிறவர்கள் எல்லாம் ஆசைக்காரர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் எதுவும் தடுக்காதா?

பெரும்பாலான பங்களாக்களுக்கு இல்லை. 1966-ல் வந்த தமிழ்நாடு தொல்லியல் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்குத்தான் பொருந்தும். கோயில், கோட்டை, குகை போன்றவை அதில் வரும். வீடுகள் மிகவும் அபூர்வம். மரபுக் கட்டடங்களுக்கென்று ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர ரொம்பத் தாமதமானது, அந்த இடைவெளியில் இடிந்தவை இடிந்தவைதான். தனியார் வீடு என்றால் உரிமையாளர் விருப்பம், மாநகராட்சி அனுமதி, அவ்வளவில் வேலை முடிகிறது.

வெள்ளைக்காரன் கட்டின வீட்டை நாம் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

இதை ஒரு கல்லூரி மாணவர் கோபத்தோடு கேட்டார். நியாயமான கோபம். அவரை நான் அடுத்த வாரம் நஞ்சப்பா ரோட்டுக்கு, மத்திய சிறைப் பக்கம் கூட்டிப்போனேன்.

1872-ல் கட்டிய சிறை அது. 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை வ.உ. சிதம்பரனாரை அங்கே வைத்திருந்தார்கள். மாடு கட்ட வேண்டிய செக்கில் அவரைப் பூட்டி இழுக்கவிட்டது அந்தச் சுவர்களுக்குள்தான். அந்தச் செக்கு இன்றும் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. விடுதலையான பிறகு பல வருடங்கள் கழித்து அவர் இதே கோவையில் சில காலம் குடியிருந்தார். சேக்கிழாருக்கு உரை எழுதிய சி.கே. சுப்பிரமணிய முதலியார் இங்கே அவருக்கு நெருங்கிய நண்பர். கலெக்டர் பங்களாவும் சிறையும் ஒரே ஆட்சி கட்டியவை. ஒன்றை மட்டும் இடித்து ஒன்றை வைத்துக்கொண்டால் அந்தக் காலம் நமக்குப் பாதிதான் புரியும்.

இன்னொன்றும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். பங்களாவில் குடியிருந்தது துரை. கட்டியது நம் ஊர்க் கொத்தனார், தச்சர், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், செங்கல் சுட்ட சூளைக்காரர்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் கைவேலைக்குச் சாட்சி அந்தச் சுவர் மட்டும்தான்.

சிறை இடத்தில் பூங்கா வந்துவிட்டதாமே?

ஆமாம். 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது செம்மொழிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சிறை வளாகத்தின் ஒரு பகுதியில் 45 ஏக்கரில் அமைத்து, 2025 நவம்பரில் திறந்தார்கள். சிறையை ஊருக்கு வெளியே மாற்றும் திட்டமும் இருக்கிறது. அப்படி மாற்றும்போது பழைய சிறைக் கட்டடத்தில் ஒரு பகுதியையாவது செக்கோடு சேர்த்து, அது இருந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும் என்பது என் ஆசை. செக்கை மட்டும் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், அவர் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இழுத்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.

ஒரு கட்டடம் பழையதா, பழைய மாதிரி கட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தரைமட்டத்தைப் பாருங்கள். பழைய பங்களா மூன்று நான்கு படி ஏறிப் போகிற மாதிரி உயரமான அடித்தளத்தில் நிற்கும். அப்புறம் போர்டிகோ. குதிரை வண்டி அடியில் வந்து நிற்கும் அளவுக்கு அகலமாக இருக்கும், நம் கார் நிறுத்துமிடம் மாதிரி ஒடுக்கமாக இருக்காது. சன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, கயிறு கட்டித் திறக்கிற சின்ன வென்டிலேட்டர்கள் இருக்கும். சூடான காற்று மேலே போய் வெளியேற அவை வழி.

சுவரின் கனத்தைச் சன்னல் ஓரத்தில் அளக்கலாம். என் கையால் மூன்று சாண், சில இடத்தில் அதற்கும் மேல். இன்றைய ஒன்பது அங்குலச் சுவரில் அது வராது.

உள்ளே போக வாய்த்தால் மறக்காமல் கூடத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஒரு வீட்டில் நான் பார்த்தது இது: தேக்கு உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள், நேர் எதிரே சுவரில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் வாயில் பித்தளை உருளை. கொக்கியில் தொங்கியது பங்கா என்கிற துணி விசிறி. ஓட்டை வழியாகக் கயிறு வராண்டாவுக்குப் போகும். வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு கயிறு உராய்ந்து ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நான் அதில் விரலை வைத்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. அத்தனை நாள் ஒருவர் இழுத்திருக்கிறார்.

எங்கள் வீடே பழையது. சுவர் உதிர்கிறது. இடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்கிறார்களே?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் வீட்டுக்கு வயதானதால் சுவர் உதிர்வதில்லை. மேலே பூசிய சிமெண்டால் உதிர்கிறது.

1934-ல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது. அதற்கு முன்னால் நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எல்லாம் சுண்ணாம்புக் கட்டு. சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்துச் செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் அதில் சேரும். அப்படிப் பூசிய சுவர், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சினாலும் முகப்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் நாம் சிமெண்ட் பூசுகிறோம். ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, காய்ந்து, பெருத்து, பூச்சைத் தள்ளுகிறது. உப்புப் பூத்திருக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். உடனே அதைச் சுரண்டிவிட்டு மறுபடியும் சிமெண்ட் பூசுவோம், அது இன்னும் ஓரடி மேலே ஏறும். அந்த இடத்தில் ஆள் வந்து ‘வீடு போச்சுங்க, இடிச்சுருங்க’ என்பார்.

வயதான கொத்தனார் ஒருவர் எனக்கு இதைக் காட்டினார். உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டுக் கையை வைக்கச் சொன்னார். சில்லென்று ஈரமாக இருந்தது. பக்கத்தில் சிமெண்ட் படாத பழைய பூச்சு உலர்ந்து, தட்டினால் மண்பானை மாதிரி சத்தம் கொடுத்தது. “இதையத் தொடாம விட்டிருந்தா இன்னொரு நூறு வருசம் நிக்குமுங்க தம்பி” என்றார்.

அதனால் செய்ய வேண்டியது: முதலில் கூரைத் தண்ணீர் சுவரில் இறங்காமல் பாருங்கள். மங்களூர் ஓடு என்றால் உடைந்ததை மாற்றினால் போதும். மெட்ராஸ் டெரஸ் என்றால், அதாவது தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு என்றால், சட்டத்தின் சுவருக்குள் போகும் முனை உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பிறகு சிமெண்டைப் பெயர்த்து, ஒரு வெயில் காலம் முழுக்க சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையடித்தால் போதும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான் ஆகும். ஆனால் புது வீடு கட்டுகிற செலவோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இடித்த பிறகு அந்தச் சாமான்கள் எங்கே போகின்றன?

கதவு, சன்னல், நிலை, உத்தரம் எல்லாம் முதலில் கழன்றுவிடும். இடிப்புக் கான்ட்ராக்ட் எடுப்பவருக்கு லாபமே அந்தத் தேக்கில்தான். ஒரு வீட்டை இடித்தபோது நான் மூன்று நாள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். முதல் நாள் ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் எண் போட்டார்கள். இரண்டாம் நாள் லாரி வந்தது. மூன்றாம் நாள் எந்திரம். கதவு போன வாசல்கள் வழியாக வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைத் தோட்டம் வரை ஒரே நேர்கோட்டில் தெரிந்தது. அது ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வாசல்கள் வழியாக வந்து முகத்தில் அடித்தது. வீட்டைக் கட்டியவர் எதற்காக மேற்கிலிருந்து கிழக்காக அத்தனை வாசல்களையும் ஒரே வரிசையில் வைத்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மரங்கள்?

ரேஸ்கோர்ஸின் நிழலில் பெரும்பகுதி தூங்குமூஞ்சி மரத்தினுடையது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், ஆங்கிலேயர் காலத்தில் சாலையோரங்களில் நட்டார்கள். சாலையில் நிற்கும் மரம் போனால் நாலு பேர் கேட்பார்கள், செய்தி வரும். காம்பவுண்டுக்குள் நிற்கும் மாமரமும் சப்போட்டாவும் வீட்டோடு சத்தமில்லாமல் போகின்றன. புதுக் கட்டடத்துக்கு அடியில் வாகன நிறுத்தம் தோண்டினால் வேருக்கு மண்ணே இல்லை.

எப்போது போவது? எந்த வழி?

ஞாயிறு காலை ஆறரை. ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, கலெக்டர் ஆபீஸ், ஹுசூர் ரோடு, அரசு கலைக் கல்லூரி (1852-ல் பள்ளியாகத் தொடங்கியது), அப்புறம் ரேஸ்கோர்ஸ் வட்டம், அதில் ஆல் சோல்ஸ் தேவாலயம். வழிபாடு நடக்கும்போது உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள். காலில் தெம்பு இருந்தால் பாலம் தாண்டி டவுன்ஹால் வரை வந்துவிடுங்கள். விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகக் கட்டி 1892-ல் திறந்த மண்டபம் அது, மாநகராட்சி மன்றம் கூடுவது அங்கேதான். ஒரு பழைய கட்டடம் உயிரோடு இருக்க அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதற்கு ஊரில் நல்ல உதாரணம்.

நேரம் இருந்தால் இன்னொரு நாள் கவுலி பிரவுன் ரோட்டில் காஸ் வன அருங்காட்சியகம். 1902-ல் திறந்தது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் யானை எலும்புக்கூட்டை விட்டு வரமாட்டார்கள்.

உள்ளே விடுவார்களா?

அரசு அலுவலகம் என்றால் வேலை நாளில் வெளி வராண்டா வரை போகலாம். தனியார் வீடு என்றால் கேட்டுவிட்டுத்தான். வாட்ச்மேனிடம் உண்மையைச் சொல்லுங்கள். “இடம் வாங்க வந்தீங்களாங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். இல்லை என்றால் முகம் மாறும், சில வேளை வெளிக்கதவும் திறக்கும்.

போத்தனூர் ரயில்வே காலனியும் இதே மாதிரிதானா?

அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை கோவை ஊருக்குள் வரவில்லை, போத்தனூர் வழியாகப் போனது. அதனால் ரயில்வே குடியிருப்பு, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தேவாலயங்கள், தொழிற்பட்டறை எல்லாம் அங்கே வளர்ந்தன. இப்போது அம்ரித் பாரத் திட்டத்தில் நிலையத்தைப் புதுப்பிக்கிறார்கள்.

அங்கே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1921 நவம்பரில் மலபார்க் கிளர்ச்சிக் கைதிகள் சுமார் நூறு பேரைத் திரூரில் காற்று வராத சரக்குப் பெட்டிக்குள் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பிறகு இறந்தார்கள். நிலையத்தைப் புதுப்பிக்கும்போது இதற்கென்று கண்ணில் படுகிற மாதிரி நடைமேடையில் ஒரு கல் வைக்க வேண்டும். புதுக்கட்டட வரைபடம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மனதில் வையுங்கள்.

இடிந்துபோன இடங்களின் பெயராவது மிஞ்சுமா?

சில சமயம் மிஞ்சும். புரூக்பீல்ட்ஸ் மாலுக்கு அந்தப் பெயர் வந்தது அங்கே இருந்த புரூக் பாண்ட் கம்பெனியால். பெரியவர்கள் அந்தச் சாலையை இன்றும் புரூக் பாண்ட் ரோடு என்றுதான் சொல்வார்கள். சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் லாலி 1911-ல் போய்விட்டார், லாலி ரோடு இருக்கிறது.

வெறும் படம் எடுத்து வைத்தால் போதுமா?

எடுங்கள், ஆனால் முகப்பை மட்டும் எடுக்காதீர்கள். பின்கட்டு, சமையல்கட்டு, வேலைக்காரர்களின் வரிசை வீடு, கிணறு, குதிரை லாயம் இவற்றை யாரும் எடுப்பதில்லை. சாலைப் பெயர், கதவு எண், தேதி, எந்தத் திசையில் நின்று எடுத்தது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க வேலை செய்யும் இன்டாக் அமைப்பின் கிளை கோவையில் இருக்கிறது, அவர்களிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

அதைவிட அவசரமானது அங்கே வேலை செய்தவர்களைக் கேட்பது. கட்டடம் இன்னும் பத்து வருடம் நிற்கலாம், அவர்களுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. ஒரு பங்களாவில் இளவயதிலிருந்து சமையல் வேலை பார்த்த அம்மா ஒருவரைப் போன வருடம் கூட்டிப்போனோம். வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அவர் காரிலிருந்து இறங்கி, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வாகன நிறுத்தத்தின் ஒரு தூணைக் காட்டி, “சமையக்கட்டு இங்கதானுங்க இருந்துச்சு. ஆட்டாங்கல்லு அந்த மூலைல” என்றார். நாங்கள் தேடினோம். வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் ஆட்டுக்கல் கவிழ்ந்து கிடந்தது, மேலே ஒரு கோணிப்பை மடித்துப் போட்டு உட்காரப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து அதைப் புரட்டினோம். அந்த அம்மா குனிந்து குழிக்குள் கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.